துவிச்சக்கர வண்டியும் கடைச் சிப்பந்தியும்: வெல்ஸின் நாவலொன்று பற்றிய சில குறிப்புகள்

எச். ஜி. வெல்ஸ் 1896 இல் வெளியிட்ட 'த வீல்ஸ் ஒவ் சான்ஸ்' என்னும் நாவலைப் பொழுதுபோக்கான நகைச்சுவைக் கதையென ஒதுக்கிவிடுதல் எளிது. அவருடைய விஞ்ஞானப் புனைகதைகளின் புகழொளியில் அது மங்கித் தோன்றுவதும் இயல்பே. ஆயின் இளைஞர்க்கும் துவிச்சக்கர வண்டிக்கும் இடையிலான உறவு புனைகதையில் இடம்பெற்ற வரலாற்றை ஆராயப் புகுவோர், இந்நாவலை விடுத்து வேறெங்கும் தொடங்க முடியாது என்பதே நமது கருத்து.

கதைத்தலைவன் ஹூப்டிரைவர் லண்டன் பட்னிப் பகுதியிலுள்ள புடைவைக்கடையொன்றின் சிப்பந்தி. ஆண்டுக்கொருமுறை கிட்டும் பத்து நாள் விடுமுறையில் பழைய வண்டியொன்றில் தென்கரையை நோக்கிப் புறப்படுகிறான். வெல்ஸ் அவனை அறிமுகஞ்செய்வது அவனுடைய கால்களிலுள்ள காயங்களைக் கொண்டே. பகலெல்லாம் மேசைக்குப் பின்னே மறைந்துநிற்கும் கால்கள் அவை. வாடிக்கையாளர் காண்பது இடுப்புக்கு மேற்பட்ட பணிவை மட்டுமே. இத்தொழிலின் கொடுமையை வெல்ஸ் நூல்வழி அறிந்தவரல்லர். 1881 முதல் 1883 வரை சவுத்ஸீயில் புடைவைக்கடைப் பயிலுநராக உழன்றவர் அவர். சிப்பந்திகள் கடையிலேயே உண்டு, கடையிலேயே உறங்கி, சிறு தவறுகளுக்கும் தண்டப்பணம் கட்டிய காலம் அது. 1892 ஆம் ஆண்டுச் சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்ட கடை ஊழியரின் வேலைநேரத்தை, உணவு வேளைகளையும் உள்ளிட்டு, வாரத்துக்கு 74 மணித்தியாலங்களாக 'மட்டுப்படுத்தியது' என்றால், அதற்கு முந்திய நிலையை ஊகித்துக்கொள்ளலாம். ஹூப்டிரைவரோ அவ்வயதைக் கடந்தவன். அச்சட்டமும் அவனைத் தீண்டவில்லை.

1885 இல் ஸ்டார்லியின் 'ரோவர்' வண்டியும் 1888 இல் டன்லொப்பின் காற்றடைத்த ரயரும் வந்த பின்னரே சைக்கிள் சாதாரண மனிதன் ஏறக்கூடிய பொறியாயிற்று. குதிரை வைத்திருப்போனின் வர்க்கம் பார்த்தவுடன் தெரியும். சைக்கிளில் செல்வோனுக்கு அவ்வடையாளம் இல்லை. தெருவில் ஹூப்டிரைவர் கனவானாகலாம். வீட்டைவிட்டு வெளியேறிய ஜெஸி மில்ட்டனை, அவளை வஞ்சிக்க முயலும் பெஷமெலிடமிருந்து மீட்கும்போது, தன் பழைய வண்டியை விட்டு அக்கனவானின் உயர்ந்த வண்டியிலேயே ஏறிப் போகிறான். உடைமையின் இக்கைமாற்றம் வெறும் விகடமன்று.

எனினும் தன்னை யாரென்று அவளிடம் கூறுவது? தென்னாபிரிக்காவிலிருந்து வந்தவன் என்று புளுகுகிறான். குடியேற்ற நாடொன்றைத் துணைக்கழைக்காது கனவானாகத் தன்னைக் கற்பனைசெய்ய அச்சிப்பந்திக்கு இயலவில்லை. அவனைத் தாங்கிய பொறிக்கும் இது பொருந்தும். அக்காலத்து ரயர்களுக்குரிய இறப்பரில் ஒரு பகுதி, லியோபோல்ட் மன்னனின் கொங்கோவில் கட்டாய உழைப்பினாற் கறக்கப்பட்டது. (1876 இல் கியூவிலிருந்து வந்த கன்றுகள் நமது ஹெனரத்கொடையில் வேரூன்றியிருந்தன, பெருந்தோட்டப் பயிராக அவை பரவியது அடுத்த நூற்றாண்டிலேயே.) நாவலில் இதுபற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆசிரியரைக் குற்றங்கூறுவது நமது நோக்கமன்று. அவருடைய யதார்த்தம் எங்கே நின்றுவிடுகிறது என்பதையே சுட்டுகிறோம்.

டி சிக்காவின் 1948 ஆம் ஆண்டுத் திரைப்படமான 'சைக்கிள் திருடர்'களில் வண்டி விடுமுறைக்குரியதன்று, அதுவே வேலை. அதைத் துடைக்கும் சிறுவன் புரூனோ, அடகுக்கடையில் அதற்கு நேர்ந்த நெளிவைக் கண்டு சினங்கொள்கிறான். ஹூப்டிரைவரின் காயங்களும் இந்நெளிவும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள்.

வெல்ஸின் நாவலில் நமக்கு உறுத்துவது முடிவே. ஜெஸி உறவினரிடம் மீளுகிறாள். அவன் கடைக்குத் திரும்புகிறான். அவள் புத்தகங்கள் அனுப்புவதாக வாக்களிக்கிறாள். கல்வியால் தனியொருவன் உயரலாம் என்ற குட்டிமுதலாளித்துவ நம்பிக்கை இது. ஆனால் 1894 இலேயே பேர்மிங்ஹாமில் 'கிளாரியன்' சைக்கிள் கழகம் தோன்றிவிட்டது. சோஷலிச இளைஞர்கள் வண்டிகளிலே பிரசுரங்களைச் சுமந்து ஊரூராகச் சென்றனர். அத்தகைய ஒருவரையேனும் ஹூப்டிரைவர் தன் பத்து நாட்களிலும் வழியிற் சந்திக்கவில்லை.