குடிலும் குடிசையும்

தல்லாகுளத்துத் தமுக்கம் அரண்மனையைக் காணாத மதுரையார் இலர். இராணி மங்கம்மாளின் மாளிகை அது. 1959 முதல் காந்தி நினைவு அருங்காட்சியகம். அந்த மாளிகையின் வளாகத்திலேயே, சேவாகிராமத்தில் காந்தியார் வாழ்ந்த இல்லத்தைப் போன்ற சிறு குடில் ஒன்றும் நிற்கிறது. அங்கே தமக்கென வீடு எழுப்ப முனைந்தபோது, செலவு நூறு ரூபாயைத் தாண்டலாகாது என்று நிபந்தனை விதித்தவர் அவர்.

சென்ற ஆண்டு என் மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றேன். எளிமையின் சிறப்பை விளக்கிக் கொண்டிருந்தேன். ஒரு சிறுவன் கேட்டான்: "எங்கள் வீடும் இதுபோலத்தான் ஐயா இருக்கிறது, அதைப் பார்க்க ஒருவரும் வருவதில்லையே?"

விடை சொல்ல நா எழவில்லை. மாளிகையை விட்டு ஒருவர் மண் சுவருக்கு வந்தால் அது துறவு. மண் சுவரை விட்டு வெளியே வர வழியற்றவனுக்கு அது விதியாம்! இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, 'எளிய வீடே இனிய வீடு' என்று பாடம் நடத்துவது தகுமா?

குடிசை, வறுமை மட்டும் கட்டிய வீடன்று. திருவிதாங்கூரில் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், நாடார் மக்கள் மாடி வீடு கட்டலாகாது, குடை பிடிக்கலாகாது என்ற தடை இருந்தது. கையிலே பொருள் இருந்தாலும் கட்டலாகாது! அன்று நம் அண்டை மாவட்டமாக இருந்த இராமநாதபுரத்திலே, 1930 டிசம்பரில், ஆதிதிராவிடர் வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு கலம் புழங்கலாகாது என்று ஆதிக்கச் சாதியினர் கட்டளையிட்டனர். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டன் இதனைத் தம் நூலில் பதிந்துள்ளார். அடுக்களைச் சட்டிக்கே சட்டம் போட்டவர்கள், கூரையை மட்டும் விட்டு வைத்திருப்பார்களா?

அந்தக் கூரை எரியும். 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில், இராமையாவின் குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 உயிர்கள் தீக்கிரையாயின. கூலி உயர்வு கேட்டதே குற்றம். அப்போது கோட்டையில் இருந்தது நாம் கொண்டாடும் ஆட்சிதான். இதை மறைத்து வரலாறு எழுதுவது நேர்மையாகாது. பின்னர் 1971-ல், பிறர் நிலத்தில் குடியிருந்த உழைப்பாளிக்கு அந்த மனையை உரிமையாக்கும் குடியிருப்புச் சட்டம் வந்தது. 1974-ல் ஆதிதிராவிடர்க்குத் தீப்பற்றாத வீடு கட்டுவதற்கென்றே ஒரு கழகம், 'தாட்கோ', தோன்றியது. தீப்பற்றாத என்ற அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை சாம்பல்!

மலிவான வீடு என்ற பேச்சை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கான்கிரீட்டை ஏழை விரும்புவது பகட்டினால் அன்று; தீயை அவன் அறிவான்.

ஆனால் கான்கிரீட்டும் கடவுளன்று, கேள்வியின்றிக் கும்பிடுவதற்கு. 1945-ல் இந்தியாவுக்கு வந்து, பின்னாளில் திருவனந்தபுரத்தில் தங்கிய ஆங்கிலேயக் கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் இந்தக் கேள்வியைத்தான் கேட்டார். செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டினார். எலிப்பொறிக் கட்டு என்று பெயர். ஏறக்குறையக் கால்பங்கு செங்கல் மிச்சம். இடையிலுள்ள காற்று வெயிலையும் தடுக்கும். மதுரைச் சித்திரை வெயிலுக்கு வேறென்ன வேண்டும்? கூரைத் தளத்திலும் அதே கணக்கு. தளத்தின் கீழ்ப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பி. அங்குள்ள கான்கிரீட் பெரும்பாலும் சும்மா தொங்கும் சுமை. அதை எடுத்துவிட்டுப் பழைய ஓடுகளைப் பதித்தார். சிமெண்டு குறைந்தது, எடை குறைந்தது, கம்பியும் குறைந்தது.

இதிலே எனக்குப் பிடித்தது சிக்கனம் மட்டுமன்று. ஏழைக்கு ஒரு முறை, செல்வனுக்கு ஒரு முறை என்று அவர் பிரிக்கவில்லை. திருவனந்தபுரம் உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையத்தை எழுப்பியதும் இதே செங்கல் முறையில்தான். அறிஞர் அமரும் கூடத்துக்குப் பொருந்தியது, மீனவர் குடிலுக்கும் பொருந்தியது. சேரிக்கு மட்டும் மண், அக்கிரகாரத்துக்குக் காரை என்றிருந்தால், அது மலிவு வீடாகாது; பழைய மனுநீதிக்குப் புதிய வரைபடம்.

நம் ஊரிலே வீட்டு வாசல் திசை மாறிவிட்டதென்று, கட்டிய சுவரை இடித்துக் கட்டுகிறார்களே, வாஸ்து என்று! அந்தச் செங்கல்லுக்கும் விலை உண்டு. அழகர் ஆண்டுக்கொரு முறை வந்து இளைப்பாறத் தல்லாகுளம் வழியெங்கும் மண்டகப்படிகள். ஆண்டு முழுதும் இளைப்பாற இடமற்றவர்க்கு வைகைக் கரை.

சாதி கலந்த வீடு என்ற எண்ணம் உருப்பெற்றதும் மதுரை மண்ணிலேதான். திருமங்கலத்தை அடுத்த மேலக்கோட்டையில் 1998-ல் முதல் பெரியார் நினைவுச் சமத்துவபுரம் திறக்கப்பட்டது. நூறு வீடுகள்: 40 ஆதிதிராவிடர்க்கு, 25 பிற்படுத்தப்பட்டோர்க்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கு, 10 ஏனையோர்க்கு. சுவரின் விலையைக் குறைத்தவர் பேக்கர் என்றால், சுவருக்கு அடுத்த வீட்டுக்காரன் யார் என்ற கேள்வியை எழுப்பியது இத்திட்டம். மறுபுறம், 1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் சென்னையில் உழைத்தவர்களைக் காலப்போக்கில் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பியது. வேலை ஓரிடம், வீடு வேறிடம்! பேருந்துக் கட்டணத்தையும் இழந்த நாள் கூலியையும் கணக்கில் சேர்த்தால் அது மலிவு வீடா? 2021-ல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது; தொலைவு மாறவில்லை.

2024-ல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டம், ஊரகத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை இலட்சம் ரூபாய் தருகிறது. 2030-க்குள் எட்டு இலட்சம் வீடுகள் என்பது இலக்கு. இன்றைய செங்கல், மணல், கம்பி விலையில் அந்தத் தொகை எவ்வளவு தூரம் வரும் என்பதை வீடு கட்டியவர் அறிவர். எலிப்பொறிக் கட்டு அங்கே உதவாதா?

இதை வகுப்பில் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். அருங்காட்சியகத்தில் கேள்வி கேட்ட அதே சிறுவன் குறித்துக் கொண்டான். அவன் தந்தை கொத்தனார். மறுநாள் வந்து சொன்னான்: "அப்பாவிடம் கேட்டேன் ஐயா. அவருக்குக் கட்டத் தெரியுமாம். ஆனால் கல் குறைந்தால் கௌரவம் குறையும் என்று வீட்டுக்காரர்கள் ஒப்புவதில்லையாம். எங்கள் வீட்டைக் கட்டும்போது அப்படியே கட்டலாம் என்கிறார். மனைக்குத்தான் இன்னும் பட்டா வரவில்லை."