கம்பளமும் குழந்தையும்

ஒரு வீட்டின் தூய்மையை அறிவதற்குக் குழந்தையின் உள்ளங்கையினும் சிறந்த சான்று வேறில்லை. மூத்தோர் சப்பாத்துக் கால்களோடு நடந்து செல்லும் தரையிலேதான் குழந்தை கையூன்றித் தவழ்கின்றது; தவழ்ந்த கையை மறுகணமே வாயிலும் வைத்துக்கொள்கின்றது. ஆதலின், தரையில் விரிக்கப்படும் கம்பளத்தின் வரலாறு அழகுக்கலையின் வரலாறு மாத்திரமன்று. குழந்தை நலத்தின் வரலாறுமாகும். குளிர்மிக்க இங்கிலாந்திலே அவ்வரலாறு சென்ற வழி சிந்திக்கத்தக்கது.

பதினாறாம் நூற்றாண்டில் அந்நாட்டு வீடுகளின் தரை களிமண்ணால் ஆனது. அதன்மேல் கோரைப்புல்லைப் பரப்பிவைப்பது வழக்கம். அங்குச் சென்று வாழ்ந்த ஒல்லாந்தப் பேரறிஞர் எரஸ்மஸ் இவ்வழக்கத்தைக் கண்டு அருவருப்புற்றார். மேற்புல்லை மாற்றுவோர் அடிப்புல்லைச் சில வேளைகளில் இருபது ஆண்டுகள் வரை அப்படியே விட்டுவைத்தனர் என்றும், எச்சிலும் நாயின் கழிவும் மீன் எச்சங்களும் அதனுள் மண்டிக்கிடந்தன என்றும், நோய்களுக்கு இதுவே காரணமாகலாம் என்றும் அவர் மருத்துவர் ஒருவருக்கு எழுதிய மடலிற் குறித்துள்ளார். துருக்கி நாட்டுக் கம்பளங்கள் அக்காலத்தே செல்வர் இல்லங்களுக்கு வந்தனவாயினும், அவை பெரும்பாலும் மேசைகளின் மீதே விரிக்கப்பட்டன. ஹோல்பைன் என்னும் ஓவியர் 1533ஆம் ஆண்டில் தீட்டிய ‘தூதுவர்கள்’ என்னும் ஓவியத்திலும் கம்பளம் இருவரும் சாய்ந்து நிற்கும் மரத்தட்டின் மேலேயே காணப்படுகின்றது. காலால் மிதித்தற்கு அது விலையேறிய பொருளாயிருந்தது.

இந்நிலையை மாற்றியவை தறிகளே. 1755ஆம் ஆண்டில் தோமஸ் விற்றி என்பார் அக்ஸ்மின்ஸ்ரர் நகரிற் கம்பள நெசவைத் தொடங்கினார். பின்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அமெரிக்கரான எரஸ்தஸ் பிகலோ அமைத்த இயந்திரத்தறி கம்பளத்தின் விலையைக் குறைத்தது. அரசருக்கும் பிரபுக்களுக்கும் உரியதாயிருந்த கம்பளம் நடுத்தர மக்களின் வரவேற்பறைக்கும் வந்துசேர்ந்தது. சுவருக்குச் சுவர் அதனை விரித்து, ஓரங்களை ஆணியால் அறைந்துவிடுவது நாகரிகமாயிற்று.

அங்கேதான் இடர் பிறந்தது. அறைந்துவைத்த கம்பளத்தை நாள்தோறும் எடுத்து உதற முடியாது. அடுப்பின் நிலக்கரிக் கரியும், தெருவின் குதிரைச் சாணமும் சேறும், சிறுவர் சிந்திய உணவுத் துணுக்குகளும் அதன் இழைகளுக்குள் இறங்கித் தங்கின. குழந்தைகள் உள்ள வீடுகளில், உண்ணும் மேசையின் கீழ் முரட்டுத் துணி ஒன்றைக் கம்பளத்தின்மேல் விரித்து, உணவு முடிந்ததும் அதனை எடுத்து உதறினர். 1861ஆம் ஆண்டு நூல்வடிவில் வெளிவந்த பீற்றன் அம்மையாரின் இல்லற நிருவாக நூல், பயன்படுத்திய தேயிலையைக் கம்பளத்திலே தூவிக் கூட்டும் முறையைக் கூறுகின்றது. ஈரத்தேயிலை புழுதியைப் பற்றிக்கொள்ளும், எழும்பிப் பறக்கவிடாது. ஜேம்ஸ் ரெயிலர் 1867ஆம் ஆண்டில் லூல்கந்துறையிலே தேயிலைப் பயிர்ச்செய்கையை ஆரம்பித்தபின், அந்நூற்றாண்டு முடிவதற்குள், இங்கிலாந்து மக்கள் பருகிய தேயிலையிற் பெரும்பங்கு இந்தியாவிலும் இலங்கையிலும் விளைந்ததாயிற்று. மலைநாட்டுத் தமிழ்ப்பெண்கள் கொய்த கொழுந்து, கிண்ணத்தில் மணம் பரப்பிய பின், கடல்கடந்த நாட்டின் கம்பளங்களையும் தூய்மை செய்திருக்கும் என எண்ணுதல் தவறாகாது.

ஆயின், தேயிலை தானே கூட்டமாட்டாது. முழந்தாளிட்டுக் கூட்டியவர் யாவர்? விக்ரோறியா மகாராணியாரின் காலத்தில் பிரித்தானியப் பெண்கள் மிகுதியாக ஈடுபட்ட தொழில் வீட்டுப் பணியே. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் அப்பணியாளரின் தொகை பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுமியரும் அவர்களுள் இருந்தனர். ஹனா கல்விக் என்னும் பணிப்பெண் எட்டு வயதிலேயே வேலைக்குச் சென்றவர். அறைகளைக் கூட்டியதும், சப்பாத்துக்களைத் துலக்கியதும், அடுப்பைத் தேய்த்ததும் அவருடைய நாட்குறிப்பிலே நாள் தவறாது வருகின்றன. வசந்தகாலம் வந்ததும் ஆணிகளைப் பிடுங்கிக் கம்பளத்தை வெளியே கொணர்ந்து, கொடியிலே தொங்கவிட்டுப் பிரம்பால் அடிப்பர். ஓர் ஆண்டுப் புழுதி அடிப்பவரின் முகத்திலேயே எழும்பும். மாடியறையிலே தவழும் ஒரு குழந்தையின் நலத்துக்காக, அதனினும் சில வயதே மூத்த மற்றொரு குழந்தை புழுதியைச் சுவாசித்தது என்பதே இவ்வரலாற்றின் வேதனையான பக்கம்.

புழுதி வெறும் அழுக்கன்று என்ற உண்மையை விஞ்ஞானம் பின்னரே உணர்த்தியது. 1882ஆம் ஆண்டில் றொபேட் கொக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தார். 1884ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற சர்வதேசச் சுகாதாரக் கண்காட்சி, வீட்டின் காற்றையும் நீரையும் தளபாடங்களையும் நோய்த்தடுப்போடு இணைத்துக் காட்டியது. ஆணியறைந்த கம்பளத்தைக் கைவிட்டு, எடுத்து உதறக்கூடிய சிறு விரிப்புக்களை இடுமாறு அறிஞர் வற்புறுத்தினர். ஆளிவிதை எண்ணெயையும் தக்கைத் தூளையும் கொண்டு பிரெடெரிக் வோல்ற்றன் ஆக்கிய லினோலியம் என்னும் விரிப்பு, ஈரத்துணியாற் துடைக்கத்தக்கதாதலின், குழந்தைகளின் அறைகளுக்கு ஏற்றதெனக் கொள்ளப்பட்டது.

இயந்திரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அமெரிக்காவில் கிராண்ட் றப்பிட்ஸ் நகரிலே பீங்கான் கடை நடத்திய மெல்வில் பிசெல், உருளும் தூரிகை கொண்ட கூட்டும் பெட்டிக்கு 1876ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். 1889ஆம் ஆண்டில் அவர் இறந்தபின் அவர் மனைவி அன்னா அத்தொழிலைத் தாமே ஏற்று நடத்தினார். 1901ஆம் ஆண்டில் ஹியூபேட் செசில் பூத் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர், புழுதியை ஊதித் தள்ளும் இயந்திரம் ஒன்றைக் கண்டு, ஊதுவதிலும் உறிஞ்சுவதே தக்கது எனத் துணிந்தார். கைக்குட்டையொன்றை நாற்காலியின் மெத்தைமேல் வைத்து வாயால் உறிஞ்சி, துணியிற் படிந்த கறையைக் கண்டு தம் கருத்தை உறுதி செய்துகொண்டார். அவர் ஆக்கிய இயந்திரம் குதிரை வண்டியில் வந்து தெருவில் நிற்க, நீண்ட குழாய்கள் யன்னல் வழியே வீட்டினுட் சென்றன. 1902ஆம் ஆண்டு ஏழாம் எட்வேட் மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ற்மின்ஸ்ரர் தேவாலயத்தின் கம்பளத்தைத் துப்புரவு செய்ததும் அதுவே.

அவ்வியந்திரத்தை வீட்டினுட் கொணர்ந்தவர் ஒரு கூட்டுந்தொழிலாளி. ஒகையோ மாநிலத்திலே கன்ரன் நகரக் கடையொன்றைக் கூட்டிவந்த ஜேம்ஸ் மறி ஸ்பாங்ளர் ஆஸ்துமா நோயாளர். புழுதி அவருக்குப் பகையாயிருந்தது. 1907ஆம் ஆண்டில், மின்விசிறியின் இயக்கியையும் தும்புத்தடியின் காம்பையும் தலையணை உறையையும் பொருத்தி அவர் ஒரு கருவியமைத்தார். மறு ஆண்டில் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. வில்லியம் ஹூவர் அதனை வாங்கி உலகெங்கும் பரப்பினார்.

இவற்றால் வேலை குறைந்ததா? அமெரிக்க வரலாற்றறிஞர் றூத் சுவாற்ஸ் கோவன் 1983ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இவ்வினாவை ஆராய்ந்தார். ஆண்டிற்கொருமுறை ஆடவரும் சிறுவரும் பணியாளரும் கூடிச் செய்த வேலை, மின்கருவி வந்தபின் வாரந்தோறும் தாய் ஒருத்தி தனித்துச் செய்யும் வேலையாயிற்று. கருவி உழைப்பை எளிதாக்கியது. தூய்மையின் அளவுகோலையோ உயர்த்திவிட்டது. சிறுமியின் தோளிலிருந்து இறங்கிய சுமை தாயின் தோளில் ஏறியது.

கண்ணுக்குப் புலப்படாத பகையும் பின்னர் வெளிப்பட்டது. 1964ஆம் ஆண்டில் ஒல்லாந்து ஆய்வாளர்கள், வீட்டுப்புழுதியில் வாழும் நுண்ணுண்ணிகளே ஒவ்வாமைக்குக் காரணம் என எடுத்துக்காட்டினர். பழைய வண்ணப்பூச்சிலிருந்து உதிரும் ஈயத்தூள் கம்பளத்திற் தங்கித் தவழும் குழந்தையின் மூளை வளர்ச்சியைத் தாக்குதலும் அறியப்பட்டது. வீடுகளுக்குரிய ஈயப்பூச்சை அமெரிக்கா 1978ஆம் ஆண்டில் தடைசெய்தது. வெளியிலிருந்து வரும் ஈயப்புழுதியைத் தடுக்க இன்று மருத்துவர் கூறும் முதல் அறிவுரை எது? வாசலிலே சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வருதலே. கீழைநாட்டார் நெடுங்காலமாகக் கைக்கொண்ட வழக்கத்துக்கு மேலைநாடுகளும் வந்துசேர்ந்துள்ளன.

அதற்குக் காப்புரிமையும் வேண்டியதில்லை, மின்சாரமும் வேண்டியதில்லை. வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் தத்தம் காலணியைத் தாமே கழற்றினாற் போதும். தூய்மை ஒருவர் தலையில் ஏற்றப்படும் சுமையாகாது, எல்லாரும் பகிரும் கடமையாகும் வீட்டிலேதான் குழந்தை அச்சமின்றித் தவழும்.