நாகபந்தத்தின் முடிச்சும் எக்ஸ்ஃபிக்கின் கோடும்

எழுத்தும் படமும் ஒரே பக்கத்தில் நிற்பது இன்று நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. ஆயினும் அச்சு வரலாற்றின் பெரும்பகுதியில் எழுத்தைக் கோத்தவர் ஒருவர். படத்தைச் செய்தவர் வேறொருவர். இவ்விரு கைகளும் எப்போது பிரிந்தன, எவ்வாறு மீண்டும் சேர்ந்தன என்பதையும், அச்சேர்க்கையில் எக்ஸ்ஃபிக் போன்ற எளிய வரைகருவிகளுக்குள்ள பங்கையும் நம் பகுதிச் சான்றுகளோடு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். கணிப்பொறி நமக்குரிய பொருளன்று என ஒதுங்கும் இலக்கிய அன்பர்களும் பொறுமையுடன் உடன்வர வேண்டுகிறோம்.

கல்லில் ஒரே உளி

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் உள்ளது செங்கம். அவ்வட்டாரத்தில் கிடைத்த பல்லவர் கால நடுகற்களின் வாசகங்களை இரா. நாகசாமி அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலாக வெளியிட்டது. அவற்றுள் மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர்க் கல் பலரும் அறிந்தது. வீரனின் உருவத்தோடு கோவிவன் என்னும் நாயின் உருவமும் அதில் உண்டு. கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற அந்நாயின் செயலும் பெயரும் அதே கல்லில் எழுத்தாக உள்ளன.

இங்கு உருவமும் வாசகமும் ஒரே பரப்பில், ஒரே வகை உளியால் செய்யப்பட்டவை. எழுத்தை மட்டும் படித்தால் நாயின் நிற்கும் நிலை தெரியாது. உருவத்தை மட்டும் பார்த்தால் அதன் பெயர் தெரியாது. நூலில் அச்சேறும்போதோ வாசகம் ஒரு பக்கத்திலும் நிழற்படம் வேறொரு பக்கத்திலும் அமைவது வழக்கமாயிற்று. படிப்பவர் பக்கங்களைப் புரட்டித் தம் மனத்தில் அவற்றை ஒட்டவைத்துக்கொள்ள வேண்டும்.

சித்திரகவி என்னும் சோதனை

நடுகல்லுக்காவது நிழற்படம் துணை செய்யும். எழுத்தும் உருவும் பிரிந்தால் பொருளே இழந்துபோகும் வகை ஒன்று நம் இலக்கியத்தில் உண்டு, அதுவே சித்திரகவி. தண்டியலங்காரத்தின் சொல்லணியியல் கோமூத்திரி, மாலைமாற்று, நாகபந்தம், சக்கரம், சுழிகுளம், சருப்பதோபத்திரம் முதலியவற்றை வகுத்துக் கூறுகிறது. அடிக்கு எட்டெழுத்தாக நான்கடி கொண்டது சுழிகுளம். அந்த முப்பத்திரண்டு எழுத்துகளையும் கட்டங்களில் நிரப்பி, வெளியிலிருந்து உள்நோக்கிச் சுழன்று படித்தாலும் அதே பாடல் வரவேண்டும். சருப்பதோபத்திரத்துக்கு அறுபத்து நான்கு கட்டங்கள் வேண்டும்.

நாகபந்தம் இவற்றினும் கடினமானது. இரண்டு பாம்புகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்க, அவற்றின் உடல்வழியே இரண்டு வெண்பாக்கள் ஓடும். உடல்கள் குறுக்கிடும் சந்திகளில் நிற்கும் எழுத்து ஒன்றே. அது இரு பாட்டுக்கும் பொது. அச்சந்தியில் நிற்கவேண்டிய எழுத்து அரை அங்குலம் விலகினால் புலவரின் உழைப்பு முழுவதும் கண்ணுக்குத் தெரியாமற் போகும். செய்யுளை மட்டும் வரிவரியாக அச்சிட்டால் படிப்பவர் அதைச் சாதாரண வெண்பா என்றே எண்ணிக் கடந்து செல்வார்.

ஓலையிலும் சுவரிலும் எழுதியவர்க்கு இத்தொல்லை இல்லை. பாம்பை வரைந்த கையே எழுத்தையும் இட்டது.

பிளாக் காலம்

ஈய எழுத்து அச்சகத்தில் நிலைமை மாறியது. அச்சுக்கோப்பவரின் பெட்டியில் எழுத்துகள் உண்டு, நேர்கோட்டுக்குப் பித்தளை ரூல் உண்டு, வளைகோடு இல்லை. ஆகவே சுழிகுளத்தையும் சருப்பதோபத்திரத்தையும் கட்டம் கட்டி ஒருவாறு கோத்துவிடலாம்; நாகபந்தத்துக்குப் பிளாக் செய்தே தீரவேண்டும். ஓவியர் இண்டியன் இங்க்கால் வரைந்து தர, அதை ஒளிப்பட முறையில் துத்தநாகத் தகட்டில் ஏற்றி, அமிலத்தால் அரித்து, மரக்கட்டையில் அறைந்து தருவார்கள். கூலி சதுர அங்குலக் கணக்கு.

பிளாக்குக்குள் உள்ள எழுத்து ஓவியரின் கையெழுத்து. வெளியே உள்ளது அச்செழுத்து. பிளாக்கில் ஒரு பிழை நேர்ந்தால் புரூஃப் பார்ப்பவர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. மீண்டும் வரைந்து மீண்டும் பிளாக் எடுக்கவேண்டும். இதனால்தான் தமிழ் ஆய்வு நூல்களில் வரைபடங்கள் அருகின. இருந்தவற்றிலும் அ, ஆ, இ என்று குறியிட்டுக் கீழே விளக்கம் தருவதும், ஆங்கிலப் படத்தை ஆங்கிலப் பெயர்களுடனேயே எடுத்தாள்வதும் பழக்கமாயின. பின்னர் மேசைக் கணிப்பொறி அச்சு வந்தபோதும் முழு விடுதலை கிட்டவில்லை. நிறுவனத்துக்கொரு எழுத்துருக் குறியீடு இருந்தமையால், ஓரிடத்தில் தமிழாக இருந்த படப்பெயர் வேறிடத்தில் பொருளற்ற குறிகளாக மாறிற்று. 1999ஆம் ஆண்டுத் தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தாம், தாப் என்னும் தரங்கள் பிறந்தது இக்குழப்பத்தைத் தீர்ப்பதற்காகவே.

மலைமேல் ஒரு கோடு

படம் என்பது எழுத்துக்கு அலங்காரம்தானே எனக் கேட்பார்க்கு ஜவ்வாது மலையின் உச்சியிலிருந்தே விடை கூறலாம். காவலூர் வானாய்வு நிலையத்தில் 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியும், 1972இல் 102 செ.மீ. தொலைநோக்கியும் பணியைத் தொடங்கின. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்தபோது, ஜே. சி. பட்டாச்சார்யா, கே. குப்புசாமி ஆகிய இருவரும் இங்கிருந்து அதை நோக்கினர். கோள் மறைக்கும் முன்பே விண்மீனின் ஒளி சில நொடிகள் குறைந்து மீண்டது. வரைகோட்டில் ஒரு பள்ளம், அவ்வளவே.

அப்பள்ளத்தை அவர்கள் முதலில் யுரேனஸின் புதிய துணைக்கோள் ஒன்றின் அடையாளமாகக் கருதி அவ்வாண்டே 'நேச்சர்' இதழில் எழுதினர். இந்தியப் பெருங்கடலின்மேல் விமானத்திலிருந்து நோக்கிய ஜேம்ஸ் எலியட் குழுவினரின் வரைகோட்டிலோ கோளின் இருபுறமும் ஒத்த தொலைவுகளில் பல பள்ளங்கள் இருந்தன. ஒத்த இடைவெளி என்றால் வளையம். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது இவ்வாறு நிறுவப்பட்டது. காவலூர் நோக்கும் அதற்குச் சான்றாக நின்றது. துணைக்கோளா வளையமா என்னும் வழக்கில் தீர்ப்பு வழங்கியவை கோடுகளே. பள்ளம் எந்த நொடியில் விழுந்தது என்னும் குறிப்பு படத்தில் சற்றே விலகி அச்சானால் வாதமும் விலகிவிடும். நாகபந்தத்தின் சந்தி எழுத்துக்கும் இதற்கும் தேவை ஒன்றே.

டெக் வந்தது, படம் வரவில்லை

அதே 1977ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் நூத், தம் நூலின் மறுபதிப்புப் புரூஃபுகளைக் கண்டு மனம் வெதும்பினார். ஈய எழுத்தின் அழகு புதிய ஒளியச்சில் இல்லை. தாமே ஓர் அச்சுக்கோப்பு நிரலை எழுதத் தொடங்கினார். அதுவே டெக். உடன் எழுத்துருக்களை வடிக்க மெட்டாஃபாண்ட் என்னும் நிரலையும் படைத்தார். 1980களில் லெஸ்லி லாம்போர்ட் டெக்கின்மேல் லாடெக்கைக் கட்டினார். கணிதம், வானியல் முதலிய துறையினரிடம் இவை பரவின. இந்திய டெக் பயனர் குழு 1998இல் திருவனந்தபுரத்தில் தோன்றியது. பன்னாட்டு டெக் மாநாடும் 2002இல் அந்நகரில் நடைபெற்றது.

எழுத்துக்கு இத்துணை நுட்பம் காட்டிய டெக், படத்துக்கு வெற்றிடம் மட்டுமே விட்டது. லாம்போர்ட் தந்த படச்சூழலில் கோடு வரையலாம். ஆனால் அதன் சாய்வைக் குறிக்கும் எண்கள் ஆறுக்கு மேற்படலாகாது. வட்டமும் குறிப்பிட்ட சில அளவுகளில்தான் கிடைக்கும். பித்தளை ரூல் காலம் மீண்டும் வந்தது போலத்தான்.

ஃபிக் என்னும் சிறு நிரல்

இவ்வெற்றிடத்தை நிரப்பியவற்றுள் முதன்மையானது ஃபிக். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் சுபோஜ் சுதந்தவிபுல் என்பவர் 1985இல் சன் நிறுவனக் கணிப்பொறிக்காக இதை எழுதினார். பின்னர் எக்ஸ் சாளர முறைக்கு மாறி எக்ஸ்ஃபிக் எனப் பெயர் பெற்றது. மைக்கா பெக் இதன் படங்களை லாடெக்குக்கு ஏற்ப மாற்றும் டிரான்ஸ்ஃபிக்கை ஆக்கினார். பிரையன் ஸ்மித் நெடுங்காலம் எக்ஸ்ஃபிக்கைப் பேணி வளர்த்தார்.

தோற்றத்தில் எக்ஸ்ஃபிக் மிக எளியது. இடப்புறம் கருவிகள், நடுவே வெண்பரப்பு. சுட்டியின் இடப்பொத்தான் புள்ளி வைக்கும், நடுப்பொத்தான் கோட்டை முடிக்கும், வலப்பொத்தான் கைவிடும். இதன் பெருமை உள்ளே இருக்கிறது. ஃபிக் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு. எந்தப் பதிப்பானிலும் திறந்து படிக்கலாம். 1 எனத் தொடங்கும் வரி வட்டம் அல்லது நீள்வட்டம், 2 பல்கோடு, 3 நெகிழ்வளைவு, 4 எழுத்து, 5 வில். ஓர் அங்குலம் 1200 அலகு. பிளாக்கில் உறைந்திருந்த கோடு இங்கே எண்களாக இளகிவிடுகிறது. ஓர் எண்ணைத் திருத்தினால் கோடு நகரும்.

இரண்டாவது நுட்பம் நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. எக்ஸ்ஃபிக்கில் எழுத்தைச் 'சிறப்பு எழுத்து' எனக் குறித்துவிட்டால், நிரல் அதைத் தானே வரைவதில்லை. கோடுகளை ஒரு கோப்பாகவும் எழுத்துகளை அவற்றின் இடக்குறிப்புடன் லாடெக் கோப்பாகவும் பிரித்துத் தரும். எழுத்துகளை லாடெக் தன் எழுத்துருவில் கோத்து உரிய இடத்தில் அமர்த்தும். படத்தின் உள்ளும் புறமும் ஒரே எழுத்து.

தமிழுக்கு ஆனது

இவ்வழியில் தமிழும் நுழையலாயிற்று. 1990ஐ ஒட்டி, சியாட்டிலிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ரிட்ஜ்வே மெட்டாஃபாண்ட் கொண்டு தமிழ் எழுத்துரு ஒன்றை உருவாக்கினார். உரோமன் எழுத்தில் தட்டித் தமிழாகப் பெறும் காலம் அது. படத்திலும் திரையில் உரோமன் எழுத்தே நிற்கும். தாளில்தான் தமிழைக் காணமுடியும். 2004இல் ஜொனாதன் கியூ வெளியிட்ட எக்ஸ்ஈடெக் யூனிகோடு எழுத்துகளை நேரே ஏற்றமையால் இவ்விடர் நீங்கியது. 1993இல் ஆட்ஃபிரீட் சியோங் தொடங்கிய ஐப் என்னும் வரைகருவி, எழுத்துகளை உடனுக்குடன் லாடெக்கிடம் தந்து கோத்து வாங்கித் திரையிலேயே காட்டுகிறது. இன்றைய பதிப்புகளில் எக்ஸ்ஈடெக்கையும் துணைக்கு அழைக்கலாம். படத்தையும் நிரல்வரிகளாகவே எழுத விழைவோர்க்கு டில் டான்டாவின் டிக்இசட் உண்டு. ஆயினும் கையால் வரைந்து பழகியவர்க்கு எக்ஸ்ஃபிக்கும் ஐப்பும் எளியவை. இரண்டும் விலையின்றிக் கிடைப்பவை.

நாம் கையாளும் முறையைச் சுருக்கமாகக் கூறுகிறோம். ஜவ்வாது மலையில் குள்ளர் வீடு எனவும் வழங்கப்பெறும் கற்திட்டைகள் உண்டு. கற்திட்டை ஒன்றின் தரைப்படம் வரைய, ஐப்பில் முதல் அடுக்கில் நிழற்படத்தை இட்டு, இரண்டாம் அடுக்கில் பலகைக் கற்களின் ஓரங்களைப் பல்கோடாகப் படியெடுப்போம். மூன்றாம் அடுக்கில் மூடுகல், பக்கக்கல், இடுதுளை என்னும் பெயர்கள். ஓரத்தில் அளவுகோலும் வடக்குக் குறியும். பின்னர் நிழற்பட அடுக்கை நீக்கிவிட்டால் கோட்டுப்படம் ஆயத்தம். சாய்வாக எடுத்த நிழற்படம் அளவைப் பொய்யாக்கும் என்பதால் நாடாவால் அளந்த நீள அகலங்களோடு ஒப்பிட்டுச் சரிசெய்தல் இன்றியமையாதது. நாகபந்தத்துக்கு முறை சற்று மாறும். முதலில் கட்டப்பரப்பில் சந்திகளைப் புள்ளிகளாக வைத்து எழுத்துகளை அவற்றின் நடுவில் அமர்த்துகிறோம். அதன் பிறகே அப்புள்ளிகள் வழியே பாம்பின் உடலை நெகிழ்வளைவாக ஓட்டுகிறோம். ஒட்டும் வசதி புள்ளியை விட்டுக் கோடு விலகாமல் காக்கிறது. எழுத்துகளைப் பின்னர் வைக்க முயன்றால் முடிச்சு தோறும் போராட வேண்டியிருக்கும்.

தமிழ் முதுகலை மாணவர் பலர் சித்திரகவியைத் தேர்வுக்குரிய இலக்கணமாக மட்டுமே அறிந்து வெளியேறுகின்றனர். உருவைக் காணாதவர்க்கு அதன் இன்பம் எவ்வாறு விளங்கும்? நடுகல் ஆய்வேடுகளிலும் வாசகம் இருக்கிறது. எந்த வரி கல்லின் எப்பகுதியில் உள்ளது, வீரனின் எந்தக் கைக்கு அருகில் தொடங்குகிறது என்னும் கோட்டுப்படம் அரிதாகவே இருக்கிறது. ஓவியரும் பிளாக்கும் இல்லை என்னும் காரணம் முன்பு செல்லும், இன்று செல்லாது. கற்கள் சிதைந்துவருகின்றன, வெயிலும் மழையும் எழுத்தைத் தேய்க்கின்றன, ஓலைச்சுவடியின் பாம்புகளும் பொடிந்துவருகின்றன. எண்களாக எழுதிவைத்த கோட்டை எத்தனை முறையும் படியெடுக்கலாம், திருத்தலாம், அடுத்தவர்க்கு அளிக்கலாம்.

தம் ஊரில் நடுகல்லோ, வீட்டுச் சுவடியில் சித்திரகவியோ உள்ள அன்பர்கள் ஒரு மாலைப்பொழுதை இதற்கு ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். தொடங்குவோர்க்குச் சுழிகுளத்தின் முப்பத்திரண்டு கட்டங்களே நல்ல பயிற்சி. வளைவு பழகிய பின்னர் நாகத்தை நெருங்கலாம்.