தெல்தோட்டைக் கடைவீதி

கண்டி மாவட்டத்தில், பேராதனையிலிருந்து கலஹா வழியாக மலையேறும் சாலையில் அமைந்த தெல்தோட்டையின் வணிகத் தெரு. சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களின் தமிழரும், ஊர் முஸ்லிம்களும், சிங்களக் கிராமத்தவரும் சந்திக்கும் இடம்.

கண்டி அரசர் காலத்து மலைநாட்டு வணிகம் பொதி சுமக்கும் தவள மாடுகளின் முதுகில் நடந்தது. கரையோரத்து உப்பு, கருவாடு, துணியை முஸ்லிம் வணிகர் கொண்டுவந்து, திரும்பும்போது பாக்கு ஏற்றிச் சென்றனர். 1815இல் அரசு ஆங்கிலேயர் கைக்குப் போனது. காடுகள் கோப்பித் தோட்டங்களாயின. தமிழகத்துத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து மலையேறினர். வழியிலேயே மாண்டவர் பலர்.

கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில்தான் ஆள் வேண்டும். பருவம் முடிந்தால் பெரும்பாலோர் ஊர் திரும்பினர். 1867இல் அருகிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அதே ஆண்டில் கண்டிக்கு ரயில் வந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, மலையெங்கும் தேயிலை பரவியது. கொழுந்தோ ஆண்டு முழுவதும் பறிக்க வேண்டியது. ஆகவே குடும்பங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் நிலையாகத் தங்கின. தோட்டப்புறக் கடைவீதிகள் நிலைத்ததற்கு இதுவே முதற்காரணம்.

அரிசியைத் தோட்டமே அளந்து கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. கருவாடு, மிளகாய், வெற்றிலை, புகையிலை, தீபாவளிச் சேலை ஆகியவற்றுக்குக் கடையே கதி. கையில் காசு இல்லாத மாதத்தில் கணக்கு பற்றுக் கொப்பியில் ஏறும். சம்பளத்தன்று பாதி தீரும், மீதி அடுத்த பக்கத்துக்குப் போகும். தோட்டத்திலும் கடன்தான். ஆள் சேர்த்து மேற்பார்த்த கங்காணியின் கடனைத் தீர்த்தால் ஆளை விடுவிப்பதாகத் தோட்டத் துரை எழுதிக் கொடுக்கும் 'துண்டு' இருந்தால்தான் தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக முடியும். அந்தக் கொடுமை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. கடைக்காரரின் கடன் அப்படி ஆளைக் கட்டிப்போடவில்லை. வேலையற்ற நாளில் அடுப்பெரிய உதவியது. இந்த வேறுபாட்டை மலையக வரலாறு இன்னும் போதிய அளவு பேசவில்லை.

தமிழுக்கும் இவ்வூர் வளம் சேர்த்தது. 'கண்டிக் கலம்பகம்' பாடிய அருள்வாக்கி அப்துல் காதிர் புலவர் (1866-1918) தெல்தோட்டையை அடுத்த போப்பிட்டியில் பிறந்தவர்.

1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. மலையகத்திலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு 'அழுகைக் கோச்சி' என்றே பெயர். தலைமுறைகளாகக் கணக்கு வைத்திருந்த குடும்பங்களை மலையகக் கடைகள் அப்படித்தான் இழந்தன. எஞ்சிய நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கிடைக்க 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

துரைமார் எழுதியவை கடிதங்களாகவும் நூல்களாகவும் கிடைக்கின்றன. கடைக்காரர் எழுதிய பற்றுக் கொப்பிகளோ பழைய தாளாக எடைக்குப் போகின்றன. ஒரு குடும்பம் என்ன உண்டது, எந்த மாதம் தவித்தது என்பது அவற்றில்தான் இருக்கிறது. அப்படியொன்று உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். இதே சாலையின் அடிவாரத்தில் இருக்கும் பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்தாரிடம் ஒருமுறை காட்டுங்கள்.