ஒரே காயம், ரெண்டு கதவு

ஒரகடத்துல ஷிஃப்ட் முடியுற நேரத்துல ரோட்டோரம் நின்னா ரெண்டு விதமான பஸ்ஸைப் பார்க்கலாம். ஒண்ணு அரசு பஸ், இன்னொண்ணு கம்பெனி பஸ். அரசு பஸ்ஸை ஓட்டுற டிரைவருக்கும், கம்பெனி பஸ்ல வீட்டுக்குப் போற தொழிலாளிக்கும் ஒரே மாதிரி ஒரு கை போயிடுச்சுன்னு வெச்சுக்கோங்க. "இனி நீங்க வேலைக்கு ஆக மாட்டீங்க"ன்னு ரெண்டு பேரையும் அனுப்பிட்டாங்க. இதுல யார் வழக்கு போட முடியும்?

இதுக்கான பதில் காயத்துல இல்ல. முதலாளி யாருங்கறதுல இருக்கு.

1947-ல வந்த தொழில் தகராறு சட்டப்படி, ஒரு தனி ஆளை வேலையை விட்டு நீக்கினா, சங்கமோ சக தொழிலாளர்களோ கூட நின்னாதான் அது தகராறா ஆச்சு. 1965-ல 2ஏ பிரிவைச் சேர்த்த பிறகுதான் அந்தத் தொழிலாளியே தனியா வழக்குக்குப் போக முடிஞ்சது. ஆனா, தொடர்ந்து உடம்பு சரியில்லன்னு ஒருத்தரை நீக்கினா, அதே சட்டம் அதை 'ஆட்குறைப்பு'க் கணக்குல சேர்க்கல. அப்ரன்டிஸ்னா இன்னும் மோசம். 1961 சட்டப்படி அவர் தொழிலாளியே இல்ல, பயிற்சியாளர்.

அப்புறம் 1995-ல மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்துச்சு. வேலையில இருக்கும்போது ஊனம் ஏற்பட்டா நீக்கக் கூடாது, சம்பளம் குறையாம வேற வேலை கொடுக்கணும்னு அதோட 47-வது பிரிவு சொல்லுச்சு. 2003-ல குணால் சிங் வழக்குல உச்ச நீதிமன்றம் இதை உறுதி செஞ்சுது. அவர் கால் இழந்த ஒரு கான்ஸ்டபிள். 2006-ல சென்னை உயர் நீதிமன்றம், நிறக்குருடு வந்த அரசு பஸ் டிரைவருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டுன்னு தீர்ப்பு சொல்லுச்சு. அந்தச் சட்டத்தோட 7 வகைப் பட்டியல்ல நிறக்குருடு கிடையாது!

ஆனா அந்தச் சட்டத்துல 'நிறுவனம்'னா அரசு சார்ந்தது மட்டும்தான். 1998-ல இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் கார் உற்பத்தி ஆரம்பிச்சு, பிறகு இந்தப் பகுதி முழுக்க தொழிற்சாலைகள் வந்தப்போ, அவ்வளவு பேரும் 47-வது பிரிவுக்கு வெளியிலதான் இருந்தாங்க.

2017 ஏப்ரல் 19-ல நடைமுறைக்கு வந்த புதுச் சட்டம், தனியார் தொழிற்சாலைகளையும் உள்ளே கொண்டுவந்துச்சு. 7 வகை 21 ஆச்சு. பாகுபாடு கூடாதுங்கறது இப்போ பொது விதி. ஆனா 'வேலையை விட்டு நீக்கக் கூடாது'ன்னு வெளிப்படையா சொல்ற 20-வது பிரிவு அரசு நிறுவனங்களுக்கு மட்டும்தான். டிரைவர் ரிட் மனுவோட நேரா உயர் நீதிமன்றம் போகலாம். தனியார் கம்பெனி மேல பொதுவா ரிட் போட முடியாது.

அப்போ அந்தத் தொழிலாளிக்கு என்ன வழி? மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர்கிட்ட புகார் கொடுக்கலாம். அவருக்காக வேற யாராவதும் கொடுக்கலாம். புகாரே இல்லாம ஆணையர் தானா முன்வந்தும் விசாரிக்கலாம். ஆனா அவரால பரிந்துரைதான் செய்ய முடியும், வேலையைத் திருப்பித் தர முடியாது.

"சர்டிபிகேட்ல 40 சதவீதம் இல்லையே"ன்னு தயங்காதீங்க. வேலை செய்யத் தேவையான நியாயமான வசதியைக் கேட்க அந்த 40 அவசியமில்லன்னு 2021-ல விகாஷ் குமார் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

கடைசியா ஒண்ணு. தனியார் நிறுவனம் எதுவா இருந்தாலும், சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட்டே ஆகணும். நாளைக்கு உங்க ஹெச்.ஆர். கிட்ட அதைக் கேட்டுப் பாருங்க. என்ன பதில் வந்துச்சுன்னு எங்களுக்கும் சொல்லுங்க.