அச்சுத் தகடும் சுற்றறிக்கையும்

நம்முடைய கலைக்கல்லூரிகளைப் பற்றிப் பேசுகிறவர்களிடம் 'வெளிநாட்டுத் தொடர்பு' என்ற வார்த்தை ஒரு பட்டம் போலப் புழங்குகிறது. எந்த ஆசிரியர் எந்த நாட்டுக்குப் போனார், எத்தனை மாதம் தங்கினார், எந்த மாநாட்டில் கட்டுரை வாசித்தார் என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. துறைமுகத்தை ஒட்டிய ஒரு வங்கிக் கிளையில் ஏற்றுமதி பில்களோடு நாளைக் கழிக்கிற எனக்கு இந்த மனோபாவம் பழக்கமானதுதான். எங்கள் தொழிலில் காகிதங்கள் சரியாக இருந்தால் போதும். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று வங்கி திறந்து பார்ப்பதில்லை. ஆனால் கலையின் சரித்திரத்தை எழுதுகிறவனும் பெட்டியைத் திறக்காமலே கையெழுத்துப் போட்டுவிடலாமா?

சென்னைக் கலைப்பள்ளி பிறந்தது இந்த வடபகுதியில்தான். 1850இல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் பிராட்வேயில் தம் சொந்த முயற்சியாக அதைத் தொடங்கினார். பிறகு அது அரசின் கைக்குப் போயிற்று, பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கும் போயிற்று. அதற்கு மேல் அரை நூற்றாண்டுக்கு 'தொடர்பு' என்பது பெரும்பாலும் லண்டனின் சவுத் கென்சிங்டனிலிருந்து வந்த பாடத்திட்டம்தான். என்ன வரையவேண்டும், எந்த வார்ப்பைப் பார்த்து வரையவேண்டும் என்பதெல்லாம் அங்கே தீர்மானமாயிற்று. வந்த ஆசிரியர்களில் சுயமாக யோசித்தவர்கள் உண்டு. 1884இல் இங்கே வந்த ஹாவெல் தென்னிந்தியக் கைவினைகளை உட்கார்ந்து கவனித்த மனிதர். 1898இல் ஆல்ஃப்ரட் சாட்டர்டன் என்ற பொறியியல் பேராசிரியர் அதே பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யும் பிரிவைத் தொடங்கினார். கடல் கடந்து வந்த உலோகத்தை நம் கன்னார்களின் சுத்தியல் ஏற்றுக்கொண்டது. இன்று அலுமினியக் குண்டானில் சோறு வடிக்கும் எந்த வீட்டுக்கும் தன் அடுப்படியில் ஒரு கலைப்பள்ளியின் சரித்திரம் இருப்பது தெரியாது. கலை விமர்சகர்களுக்கும் தெரியாது; அவர்களுக்கு அலுமினியம் கலை அல்ல.

உண்மையான முதல் பரிமாற்றம் வேறு கதை. தோக்கியோ கலைப்பள்ளியின் தலைவராக இருந்து விலகிய ஒகாகுரா 1902இல் கல்கத்தா வந்தார். அடுத்த வருஷம் யோகோயாமா தைக்கான், ஹிஷிதா ஷுன்ஸோ என்ற இரு ஓவியர்களும் வந்தார்கள். தைக்கான் ஈரத் தூரிகையை எப்படி இழுக்கிறார் என்பதை அவனீந்திரநாத் தாகூர் பக்கத்தில் இருந்து பார்த்தார். பார்த்ததை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், வரைந்த படத்தை நீரில் முக்கி எடுத்து, மறுபடி வண்ணம் கொடுத்துத் தமக்கென ஒரு முறையை உண்டாக்கிக்கொண்டார். அவருடைய மாணவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி 1929இல் சென்னைப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். அந்தப் பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவர். ஆக, தோக்கியோவின் ஈரம் கல்கத்தா வழியாகப் பெரியமேடு வந்து சேர இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அதை எந்தக் கமிட்டியும் ஏற்பாடு செய்யவில்லை, எந்தச் சுற்றறிக்கையும் அனுப்பப்படவில்லை.

கமிட்டிகள் பின்னால் வந்தன. 1951இல் யுனெஸ்கோ பிரிஸ்டலில் கலை ஆசிரியர்களைக் கூட்டியது. 1954இல் ஹெர்பர்ட் ரீட் போன்றவர்களின் ஆதரவோடு கலைவழிக் கல்விக்கான சர்வதேச சங்கம் உருவாயிற்று. 1955இல் தோக்கியோவில் யுனெஸ்கோ நடத்திய கலைக் கருத்தரங்குக்கு ராய் சௌத்ரியே இயக்குநர். தன் குருவுக்குத் தூரிகை காட்டியவரின் ஊருக்கு இவர் தலைமை வகிக்கப் போனார் என்பது அழகான விஷயம்தான். ஆனால் அந்தப் பிரயாணத்தின் தடயத்தை 1959இல் கடற்கரையில் நிறுவப்பட்ட அவருடைய உழைப்பாளர் சிலையில் நான் தேடிப் பார்த்திருக்கிறேன். கிடைக்கவில்லை. பாறையை நெம்பும் அந்த நாலு பேரும் கருத்தரங்கில் இருந்து வந்தவர்கள் அல்ல.

பணிக்கருக்கு வருவோம். தந்தி இலாகா உத்தியோகத்தை விட்டுவிட்டுக் கலைப்பள்ளியில் மாணவராகச் சேர்ந்தவர். (குமாஸ்தா வர்க்கத்துக்கு இதில் ஒரு அற்பப் பெருமை உண்டு.) 1954இல் லண்டனிலும் பாரிஸிலும் படங்களைக் காட்சிக்கு வைத்தார். அங்கே பார்த்த நவீனத்தை மூட்டை கட்டிக்கொண்டு வரலாம் என்று அவர் நினைத்திருந்தால் சுலபமாக முடிந்திருக்கும். அவர் செய்தது எதிரானது. 1963இல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் ஜாதகக் கட்டமும் கணக்கும் மலையாள எழுத்துருவும் படத்தின் உடம்பாகிவிட்டன. தொடர்பு என்பது இங்கே எதிர்வினை. 1961இல் அவரும் சகாக்களும் தொடங்கிய 'ஆர்ட்ரெண்ட்ஸ்' ஏடு பிற ஊர்களிலுள்ளவர்களோடு பேசுவதற்கு ஒரு சாளரம். ஆனால் ஆங்கிலச் சாளரம். 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் எழுந்தது. அதுவும் தெற்கே. பிராட்வேயில் பிறந்த ஒரு மரபு கடற்கரையோரமாகத் தெற்கே நகர்ந்துகொண்டே போயிற்று. வடக்கே ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அதே காலத்தில் ஆதிமூலம் போன்றவர்கள் தமிழ்ச் சிறுபத்திரிகைகளுக்கு வரைந்தது மட்டுமே நமக்கு விழுந்த பங்கு.

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது கிருஷ்ணா ரெட்டியைப் பற்றி. சித்தூர்ப் பக்கத்துக்காரர். சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் படித்துவிட்டு, 1947 முதல் 1949 வரை அடையாறு கலாக்ஷேத்ராவில் ஓவியப் பிரிவை நடத்தினார். சென்னையில் அவரை ஒரு ஆசிரியராகக்கூட யாரும் ஞாபகம் வைத்திருப்பதாகத் தெரியவில்லை. இங்கிருந்து லண்டனின் ஸ்லேட் கலைப்பள்ளிக்கும் அங்கிருந்து பாரிஸுக்கும் போனார். பாரிஸில் ஹேய்ட்டர் என்ற ஆங்கிலேயர் 1927இல் தொடங்கியிருந்த 'அட்லியே 17' ஒரு விசித்திரமான ஸ்தாபனம். பாடத்திட்டம் கிடையாது, சான்றிதழ் கிடையாது. அங்கே இருந்தது ஒரு அச்சு எந்திரம், அதைச் சுற்றிப் பல தேசத்து மனிதர்கள். யுத்தத்தின்போது நியூயார்க்குக்குப் பெயர்ந்து 1950இல் திரும்பியிருந்தது. ரெட்டி அங்கே சேர்ந்து, பின்னால் அதன் இணை இயக்குநரானார்.

அவரும் பம்பாயிலிருந்து வந்த கைக்கோ மோட்டியும் ஹேய்ட்டரின் பட்டறையில் உருவாக்கிய முறையைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பொறுமை வேண்டும். வண்ண அச்சுக்கு வழக்கமாக ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித் தகடு. இவர்கள் ஒரே தகட்டைச் சிற்பிபோல மேடும் பள்ளமுமாகச் செதுக்கினார்கள். மென்மையான உருளை அமுங்கிப் பள்ளம் வரை போகும். கெட்டி உருளை மேட்டை மட்டும் தொடும். ஒரு மையில் ஆளி விதை எண்ணெய் அதிகம், இன்னொன்றில் குறைவு. இளகிய மை இருக்கிற இடத்தில் இறுகிய மை ஒட்டாது. ஆக எல்லா வண்ணமும் ஒரே தகட்டில் தத்தம் இடத்தில் நின்று, ஒரே அழுத்தத்தில் காகிதத்துக்கு வந்துவிடும். 1963இல் செய்த 'நீர்ச்சுழி'யும், 1968 மாணவர் கிளர்ச்சியைப் பார்த்துச் செய்த 'ஆர்ப்பாட்டக்காரர்க'ளும் இப்படி வந்தவை. 1976இல் நியூயார்க் போய் அங்கே பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 2018இல் இறந்தார். அவரிடம் கற்றவர்கள் பல நாடுகளில் ஆசிரியர்களாகி, தங்கள் மாணவர்களுக்கு உருளை பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். சர்வதேசத் தொடர்பு என்று நான் ஒப்புக்கொள்வது இதைத்தான். காகிதத்தில் கையெழுத்தாகும் ஒப்பந்தம் மூன்று வருஷத்தில் காலாவதியாகும். கையில் ஏறிய வித்தை ஆகாது.

எங்கள் கிளையில் பென்ஷன் வாங்க வரும் ஒரு பெரியவர் ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் நாற்பது வருஷம் அச்சகங்களில் மெஷின்மேனாக இருந்தவர். கல்லில் தொடங்கி ஆஃப்செட்டில் முடித்தவர். ஒரு நாள் 'நீர்ச்சுழி'யின் பிரதியைக் காட்டி, எனக்குத் தெரிந்த மட்டில் செய்முறையை விளக்கினேன். விரலை மையில் தொட்டுப் பார்ப்பதுபோலக் கட்டைவிரலோடு சேர்த்து ஒட்டிப் பிரித்துக்கொண்டே கேட்டார்.

"லித்தோல தண்ணிக்கும் எண்ணைக்கும் சண்டை சார். இவரு எண்ணையவே எண்ணையோட சண்டைக்கு வுட்டிருக்காரு."

நான் படித்த ஆங்கிலக் கட்டுரைகள் எதிலும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லப்படவில்லை. இப்படிப்பட்ட மெஷின் நம் ஊர்க் கலைக் கல்லூரியில் இருக்கிறதா என்று கேட்டார். அச்சுக் கலைக்கான எந்திரங்கள் அங்கே இருக்கின்றன என்றேன்.

படத்தை இன்னொரு தடவை கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"என்னிய மாதிரி ஆளுங்கள உள்ள வுடுவாங்களா சார்?"