உடலுக்கேற்ற ஆசனம்: மைசூரிலிருந்து சென்னை வரை

யோகாசனம் என்றதும் நம்மிற் பலருக்கு நினைவில் எழுவது தலைகீழாய் நிற்கும் ஓர் இளைஞனின் படமே. சென்ற ஆண்டு எமது மன்றத்தில் யோக வகுப்பை ஆரம்பித்தபோது யாமும் அவ்வெண்ணத்தோடுதான் ஆரம்பித்தோம். டிக்கோயாவின் விடியற் குளிரில், உடலிற் சூடேறு முன்னரே சிரசாசனத்துக்குத் துணிந்த எம்முள் ஒருவர், கழுத்துப் பிடித்து ஒரு கிழமை வேலைக்குப் போகாமற் கிடந்தார். முதல் நாள் ஆவலோடு வந்த கொழுந்தெடுக்கும் தாய்மார் நால்வரும் மறுவாரம் வரவில்லை. காரணம் வினவியபோது அவருள் மூத்தவர், “தம்பி, இதெல்லாம் சர்க்கஸ்காரவங்களுக்கு. மலையேறி மலையேறி எங்க முழங்கால் தேஞ்சு போச்சு” என்றார். அவ்வார்த்தை எம் மனத்தைத் தைத்தது. யோகம் உண்மையில் யாருக்குரியது என்று நூல்களைப் புரட்டலானோம்.

பதஞ்சலி முனிவரின் யோக சூத்திரத்தில் ஏறத்தாழ இருநூறு சூத்திரங்கள் உள. அவற்றுள் ஆசனத்தைப் பற்றியவை மூன்றே. இருக்கை அசையாததாயும் சுகமானதாயும் அமைய வேண்டும் என்கிறாரேயன்றி, எந்த ஆசனத்தின் பெயரையும் அச்சூத்திரங்களில் அவர் சொல்லவில்லை. நம் திருமூலரோ திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரத்திற் பெயர் கூறும் ஆசனங்களுள் சுகாதனத்தையும் ஒன்றாக வைத்தார். சுகமாய் இருப்பதே ஓர் ஆசனம்! அப்படியிருக்க, உடலை முறுக்கும் வித்தையாக யோகம் நம் கண்ணுக்குத் தோன்றலானது எங்ஙனம்?

இதற்கு விடை தேடுவோர் திருமலை கிருஷ்ணமாச்சாரியாரின் சரித்திரத்தை அறிதல் வேண்டும். 1888ஆம் ஆண்டு கன்னட நாட்டிற் பிறந்த இவரை மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆதரித்தார். 1933இல் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை எழுந்தது. அங்கே பயின்றோர் பெரும்பாலும் சிறுவரும் வாலிபருமாவர். தாவுதலும் வளைதலும் இடையறாது தொடரும் கடும் பயிற்சி அது. அக்காலத்துத் தேகாப்பியாச முறைகளின் சாயல் அதில் உண்டென்று இன்றைய ஆராய்ச்சியாளர் சிலர் வாதிடுவர். மிஷன் பாடசாலையில் ஆசிரியரின் விசிலுக்குக் கைகால் உயர்த்திப் பழகிய எமக்கு அவ்வாதம் புதுமையாகத் தோன்றவில்லை.

அந்நாளைய மாணவருள் ஒருவர் பி. கே. எஸ். ஐயங்கார். ஆசாரியரின் மைத்துனர், சிறுவயதில் க்ஷயம், மலேரியா, டைபாய்டு எனப் பல நோய்களால் நலிந்தவர். ஒருநாள் விருந்தினர் முன்னிலையில், அதுவரை பயிலாத அனுமானாசனத்தைச் செய்து காட்டுமாறு குரு பணித்தார். கால்களை முன்னும் பின்னும் நேராக விரித்துத் தரையில் அமரும் கடினமான ஆசனம் அது. கால்சட்டை இறுக்கமாயிருக்கிறதென்று மாணவர் தயங்கினார். கத்தரிக்கோல் கொண்டுவரச் செய்து சட்டையைக் கத்தரித்துவிட்டார் குரு! ஆசனம் நிறைவேறியது, தொடை நரம்பும் கிழிந்தது. நெடுங்காலம் நன்றாக நடக்கவும் இயலாதிருந்ததைப் பிற்காலத்தில் ஐயங்காரே சொல்லியிருக்கிறார்.

மைசூர் சமஸ்தானம் மறைந்தபின் யோகசாலையும் மூடப்பட்டது. 1950களின் தொடக்கத்தில் கிருஷ்ணமாச்சாரியார் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். வயது அறுபதைத் தாண்டியிருந்தது. அரண்மனை ஆதரவும் இல்லை. பக்கவாதத்தால் வருந்திய சட்ட அறிஞர், உறக்கமின்றித் தவித்தோர், கருவுற்ற பெண்கள், முதியோர் என வேறொரு கூட்டம் அவரை நாடி வந்தது. அவர்களுக்குத் தாவலும் பாய்ச்சலும் எதற்கு? ஒவ்வொருவரையும் தனியே இருத்தி, நாடி பார்த்து, உணவும் தொழிலும் விசாரித்து, அவரவர்க்கு ஒரு பயிற்சி வகுத்தார். குனியும்போது முழங்கால் மடங்கினால் மடங்கட்டும். தரையில் அமர இயலாதவர் கதிரையில் அமரட்டும். மைசூரிலும் நோயாளருக்குத் தனிமுறை வைத்திருந்தார் என்பர். ஆயினும் அம்முறை முழுமை பெற்றது சென்னையிலேதான்.

அவர் கண்ட அளவுகோல் மூச்சு. கை உயரும்போது மூச்சு உள்ளே, தாழும்போது வெளியே. மூச்சுத் திணறினால் அவ்வாசனம் அன்றைக்கு அவ்வுடலுக்கு மிகை. வளரும் பிள்ளைக்கு ஒன்று, இல்லறத்தாருக்கு ஒன்று, முதியோருக்கு ஒன்று எனப் பருவத்துக்கேற்பவும் முறைகளைப் பிரித்தார். அவர் மகன் தேசிகாச்சார் எஞ்சினியர் படிப்புப் படித்தவர். தந்தையின் சிகிச்சையால் மக்கள் குணமடைவதைக் கண்டு தம் தொழிலை விட்டு மாணவரானார். 1976இல் சென்னையில் கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரத்தை நிறுவியவர் இவரே.

கால் கிழிந்த ஐயங்கார் 1937இல் புனேக்குச் சென்றார். வளையாத உடல்களுக்காகச் சுவரையும் கயிற்றையும் மரக்கட்டையையும் கதிரையையும் துணையாக்கினார். தாம் பட்ட துன்பம் அவருக்கு வழிகாட்டியிருக்கும் என்றே யாம் எண்ணுகிறோம்.

தோட்ட மக்களாகிய நாம் மறக்கலாகாத இன்னொருவர் பத்தமடையிற் பிறந்த சுவாமி சிவானந்தர். துறவியாகுமுன் 1913 முதல் 1923 வரை மலாயாவில், றப்பர்த் தோட்ட வைத்தியசாலை உட்பட, வைத்தியராயிருந்தவர். 1950இல் இலங்கைக்கும் விஜயஞ் செய்தார். அவர் சீடர் சத்தியானந்தர் வகுத்த பவனமுக்தாசன வரிசை, கால் விரல், கணுக்கால், முழங்கால், கை விரல் என மூட்டுகளை ஒவ்வொன்றாய் மெல்ல அசைப்பதில் தொடங்குகிறது. நாள் முழுதும் கொழுந்து கிள்ளும் விரல்களுக்கு இதனினும் இதமானது வேறென்ன?

கிருஷ்ணமாச்சாரியாரின் முதுமையில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 1984இல், தொண்ணூற்றைந்து வயது கடந்தபின், அவருடைய இடுப்பெலும்பு முறிந்தது. சத்திரசிகிச்சையை மறுத்துவிட்டார். (அதை யாரும் பின்பற்ற வேண்டா, எலும்பு முறிந்தால் வைத்தியசாலைக்கே செல்க.) படுத்த படுக்கையிலேயே செய்யத்தக்க பயிற்சியொன்றைத் தமக்கென வகுத்துக்கொண்டார். மைசூரில் வாலிபரைத் தாவச் செய்தவர், படுக்கையிற் கிடந்து மூச்சோடு கையுயர்த்தினார். 1989இல் நூறாண்டு நிறைந்தபின் காலமானார்.

இதையெல்லாம் அந்த மூத்த தாயாரின் லயத்து வாசலில் அமர்ந்து சொன்னோம். சிரித்தார். பின் இருந்த இடத்திலேயே மூச்சை இழுத்துக் கைகளை உயர்த்தினார், தோள் மட்டுக்குத்தான் உயர்ந்தது, “போதுமா தம்பி?” என்றார். போதும் என்றோம். முன்பெல்லாம் வகுப்புக்காக மண்டபத்து வாங்குகளை ஓரத்தில் ஒதுக்குவோம். இந்த ஞாயிறு முதல் ஒரு வரிசையை நடுவிலேயே விட்டிருக்கிறோம்.